தே ஓ நிறத்தில் ஒரு கடல்: தென் தீவுப் பவளத்திட்டில் வெளிச்சம் எங்கே போனது?

மூன்று கருவிகள், இரண்டு பதில்கள்

ஜூலை மாதம். சிங்கப்பூரின் மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து கிளம்பி, தென் தீவு ஒன்றின் பவளத்திட்டுக்கு மேல் நங்கூரம் போட்டிருந்தோம். கடலடியில் 5 மீட்டர் ஆழத்தில் பொருத்திவைத்திருந்த ஒளிமானியின் பதிவை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தேன். மேலே விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கு கீழே வந்து சேர்கிறது என்ற கணக்கில், ஜனவரியில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

பக்கத்திலேயே கட்டியிருந்த கலங்கல்மானி வேறு கதை சொன்னது. ஜனவரியும் ஜூலையும் அதற்கு ஒன்றுதான். சரி, பழைய முறையிலேயே பார்ப்போம் என்று செக்கித் தட்டை, அதாவது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கும் வெள்ளைத் தட்டை, இறக்கினேன். ஜனவரியைவிட முக்கால் மீட்டர் முன்னாலேயே கண்ணுக்கு மறைந்தது. அது ஒரு பெரிய வித்தியாசமே இல்லை. இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரே நாளில் அந்த அளவு மாறும்.

எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எளிமையானது: பக்கத்தில் கடலோரப் பணி நடக்கிறது, அதனால் இந்தத் திட்டில் பவளத்துக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் குறைகிறதா? கேட்டவர்கள் மனதில் இருந்த குற்றவாளி சேறு. எங்கள் மனதிலும் அதுதான். சிங்கப்பூரில் இது இயல்பான சந்தேகம். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அதே 1960களில் தண்ணீருக்குள் 10 மீட்டர் வரை தெரிந்தது, பிற்பாடு 2 மீட்டராகச் சுருங்கிவிட்டது என்று பவள ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் இருந்தும், அவை மேல்மட்டத்துச் சில மீட்டருக்குள்தான் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. கீழே போக வெளிச்சம் இல்லை.

ஆனால் சேறுதான் காரணமென்றால் கலங்கல்மானி ஏன் சும்மா இருந்தது?

முதலில் பிடித்த சந்தேக நபர்கள்

கடலில் எந்தக் கருவி குறைவாகக் காட்டினாலும் முதல் சந்தேகம் பாசி மேல்தான். வெப்பமண்டலக் கடலில் கண்ணாடி முகப்பை இரண்டு வாரம் விட்டுவைத்தால் போதும், வழுவழுப்பாக ஒரு படலம் ஏறிவிடும். அதன்மேல் சின்னச் சின்னக் கொட்டலசு உட்காரும். முக்குளிக்கும் தம்பி இறங்கி, மென்மையான துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு ஒளிமானியைப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே அளவு காட்டின. பாசி இல்லை.

அடுத்தது சாய்வு. தட்டையான முகப்புள்ள ஒளிமானி நேர் மேலே பார்க்க வேண்டும். நங்கூரக் கயிறு உரசிச் சட்டம் சாய்ந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். தம்பி நீர்மட்டக் குமிழியை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். அதுவும் இல்லை.

வானம்? ஜூலை, ஆகஸ்ட் என்றால் புகைமூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டிய ஊர் இது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை இங்கே இருந்த யாரும் மறக்கவில்லை. ஆனால் படகுத்துறைக் கூரையில் இன்னொரு ஒளிமானி வைத்திருந்தோம். கீழே உள்ளதை மேலே உள்ளதால் வகுத்துத்தான் பார்க்கிறோம். மேகமோ புகையோ இரண்டையும் சேர்த்தே குறைக்கும். விகிதம் மாறாது.

கடைசியாக ஏற்றவற்றம். இது லேசுப்பட்ட ஆள் இல்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சிங்கப்பூரில் நீர்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். கருவி தரையில் அப்படியே இருக்கும், அதன் தலைக்கு மேலுள்ள தண்ணீர்தான் கூடிக் குறையும். தணிவு எண் மீட்டருக்கு 0.4 என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 2.5 மீட்டர் கூடும்போது வெளிச்சம் 37 சதவீதமாகச் சுருங்கும். இதைக் கவனிக்காமல் ‘கடல் இருண்டுவிட்டது’ என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. நாங்கள் அழுத்தமானியை வைத்து ஒவ்வொரு பதிவையும் ஒரே ஆழத்துக்குத் திருத்தினோம். திருத்திய பிறகும் ஜூலை இருட்டாகத்தான் இருந்தது.

தணிவு எண் என்று சொன்னேனே, அதை எங்கள் துறையில் கே.டி. என்பார்கள். கீழ்நோக்கி வரும் வெளிச்சம் ஒவ்வொரு மீட்டருக்கும் எந்த வேகத்தில் தேய்கிறது என்பதைச் சொல்லும் எண். இந்த விவகாரத்தில் கே.டி.தான் கேடி என்று அன்று மாலை கோப்பிக்கடையில் ஒருவர் சொன்னதற்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

தேயும் தே ஓவும்

தண்ணீருக்குள் வெளிச்சத்துக்கு இரண்டே இரண்டு காரியங்கள்தான் நடக்கும். ஒன்று, ஏதாவது அதை விழுங்கிவிடும், இது உறிஞ்சல். இரண்டு, ஏதாவது அதன் மேல் மோதித் திசையை மாற்றிவிடும், இது சிதறல். வந்த வழியே திரும்பிப் போகும் பங்கைப் பின்சிதறல் என்கிறோம்.

இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க நான் எப்போதும் சர்பத் கடைக்குத்தான் போவேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தே, இன்னொன்றில் பாலில்லாத தே ஓ. பால் கலந்த தேயில் கரண்டியை விட்டால் ஒரு விரற்கடை ஆழத்திலேயே காணாமல் போகும். பாலின் கொழுப்புத் துளிகள் வெளிச்சத்தைத் தாறுமாறாக அடித்துத் திருப்புகின்றன. தே ஓவில் கரண்டி அடிவரை தெரியும். ஆனால் வெள்ளிக் கரண்டி செம்பு மாதிரி இருக்கும். அங்கே சிதறல் கிடையாது. கரைந்திருக்கும் சாயம் நீல நிறத்தை விழுங்கிவிட்டு மற்றதை விட்டுவைக்கிறது.

சேற்று நீர் என்பது தே. கலங்கல்மானி பார்ப்பதும் அந்தப் பாலைத்தான். பெரும்பாலான கலங்கல்மானிகள் 860 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, எவ்வளவு சிதறி வருகிறது என்று அளக்கின்றன. தண்ணீரின் நிறம் அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே அந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கரைந்த சாயம் அங்கே கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது. அதாவது, கடல் முழுக்கத் தே ஓவாக மாறினாலும் அந்தக் கருவி ‘எல்லாம் சுத்தம்’ என்றுதான் சொல்லும். அதன் மேல் குற்றமில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

செக்கித் தட்டும் ஒருவகையில் அப்படியே. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற ரோம் நகரத்துப் பாதிரியார், வானியல் அறிஞர், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டு அது. இன்றும் அதைவிட மலிவான கருவி கிடையாது. ஆனால் அந்தத் தட்டு மறையும் ஆழத்தைத் தீர்மானிப்பது, தண்ணீர் மிகக் குறைவாகத் தேய்க்கும் நிறம். எங்கள் கடலில் அது பச்சை. நம் கண்ணும் பச்சையில்தான் கூர்மை. நீலக் கதவு முழுக்கச் சாத்தியிருந்தாலும், பச்சைச் சன்னல் திறந்திருக்கிறவரை தட்டு தெரிந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் அன்று படகில் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்று சொன்னால் பொய். பாடமாகப் படித்தது தெரியும். ஆனால் கையில் இருந்த பதிவுப் புத்தகத்தில் ‘நீர் நிறம்’ என்ற கட்டத்தில் ஜனவரிக்கு ‘பச்சை’ என்றும், ஜூலைக்கு ‘பழுப்புப் பச்சை’ என்றும் நானே எழுதியிருந்ததை மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.

நிறம் பிரித்து அளந்தபோது

அடுத்த பயணத்தில் நிறமாலைக் கதிர்மானியைக் கொண்டுபோனோம். முந்தைய ஒளிமானி 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லா நிறத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சம் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு பவள ஆய்விலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். இது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும்.

இறக்குவதிலேயே ஒரு கை வேண்டும். படகின் நிழல் கருவி மேல் விழக்கூடாது. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி தாண்டித்தான். நம் கடிகாரம் நம் தீர்க்கரேகையைவிட முந்தி ஓடுகிறது. ஜூலையில் அந்த உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் படகின் மூக்கை மேற்கே திருப்பி, வலப்பக்கம் நீண்ட கழியைக் கட்டி, படகை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இறக்கினோம். முதலில் முகப்பை மூடி இருட்டு அளவு எடுக்க வேண்டும். வெப்பம் மாறும்போது கருவியின் இருட்டு அளவும் நகரும்.

மேல் ஒரு மீட்டரில் எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அலையின் ஒவ்வொரு வளைவும் ஒரு பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து அடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் அளவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தாவும். போதாததற்கு நீரிணையில் போகும் சரக்குக் கப்பல்களின் அலைகள் வேறு. ஒரு பெரிய கப்பல் கடந்தால் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடியும் முதலிலிருந்து இறக்கினோம். அன்று முழுக்க உருப்படியாகக் கிடைத்தது நான்கே இறக்கங்கள்.

அந்த நான்கிலும் ஒரே கதை. சிவப்பு, எதிர்பார்த்த மாதிரியே. அதைத் தண்ணீரே விழுங்கிவிடும். 650 நானோமீட்டரில் தூய நீரின் உறிஞ்சல் எண் மீட்டருக்கு 0.34. 5 மீட்டருக்குள் வேறு எதுவுமே கலக்காத நீரில்கூட 18 சதவீதம்தான் மிஞ்சும். பச்சை கொஞ்சம் குறைந்திருந்தது. நீலம்தான் போயே போய்விட்டது. 450க்குக் கீழே கோடு படுத்துவிட்டது.

கணிப்பு மாதிரியில் நான் செய்த தப்பு

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நிறமாலை கையில் கிடைப்பதற்கு முன்பே நான் கணினியில் ஒரு கணிப்பு மாதிரி எழுதி, ஜூலை அளவை ‘விளக்கி’ முடித்திருந்தேன்.

அதன் அமைப்பு எல்லோரும் பயன்படுத்துவதுதான். மொத்தத் தணிவு என்பது தூய நீரின் பங்கு, நுண்பாசியின் பங்கு, மிதக்கும் சேற்றின் பங்கு. நுண்பாசிக்குப் பச்சையத்தின் அளவை எடுத்துக்கொள்வோம். கரைந்த சாயத்துக்குத் தனி இடம் கிடையாது. பச்சையத்தோடு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தே வரும் என்று விட்டுவிடுவோம். ஆழ்கடலில் இது பெரும்பாலும் சரிவரும். அங்கே கரைந்த சாயம் பாசியின் சிதைவிலிருந்துதான் உண்டாகிறது. 1977இலேயே மோரேல், பிரியர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல்நீரை இரண்டு வகையாகப் பிரித்தார்கள்: பாசியை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடியது முதல் வகை, சேறும் நிலத்துச் சாயமும் தன்னிச்சையாக வந்து போவது இரண்டாம் வகை. சிங்கப்பூர் நீரிணை இரண்டாம் வகை என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் கையில் இருந்த நிரல் முதல் வகைக்கு எழுதியது. வேலை ஓடினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலைக்கு மாதிரி சொன்ன வெளிச்சம் அளந்ததைவிட அதிகமாக வந்தது. என்ன செய்தேன்? சேற்றின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கலங்கல்மானியின் கணக்குக்கும் உண்மையான சேற்று எடைக்கும் உள்ள உறவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்று ஒரு சமாதானம் வேறு. அது முழுப் பொய்யும் இல்லை; நுண்ணிய களிமண்ணும் பருமணலும் ஒரே எடைக்கு ஒரே அளவு சிதறடிக்காது. ஏற்றிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் கோடும் புள்ளிகளும் அழகாக ஒட்டிக்கொண்டன. படம் போட்டு, நிறம் தீட்டி, குழுவுக்கு அனுப்பியும்விட்டேன்.

நிறமாலை வந்ததும் அந்தப் படம் ஒரே நாளில் செத்துப்போனது. சேற்றைக் கூட்டினால் சிவப்பிலும் பச்சையிலும் சிதறல் கூடும், எல்லா நிறமும் சேர்ந்து தேயும். என் மாதிரி பச்சையை அளவுக்கு மேல் தேய்த்திருந்தது, நீலத்தைத் தேய்க்க வேண்டிய அளவு தேய்க்கவில்லை. இரண்டு தப்பும் எதிரெதிராக நின்றதால் கூட்டுத்தொகை மட்டும் சரியாக வந்திருக்கிறது. எல்லா நிறத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும் கருவியை வைத்து இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது. அப்படியே விட்டிருந்தால், நடக்காத ஒரு சேற்றுப் பெருக்கத்தைப் பக்கத்துப் பணியின் தலையில் கட்டியிருப்போம்.

10 சென்டிமீட்டர் குப்பி

சாயம்தான் என்று சந்தேகம் வந்த பிறகு நிரூபிப்பது ஆய்வக அக்காவின் வேலை. கடல்நீரை 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடிகட்டினால் சேறு, பாசி, பெரும்பாலான பாக்டீரியா எல்லாம் மேலே தங்கிவிடும். கீழே இறங்குவது கரைந்தது மட்டும். அதை ஒரு குவளையில் ஊற்றிப் பார்த்தால் குடிதண்ணீர் மாதிரித்தான் இருந்தது. “இதிலா சாயம்?” என்று நான் கேட்டதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள வெள்ளைக் குழாயில் ஊற்றி, ஒரு முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து, மறுமுனையில் என்னைப் பார்க்கச் சொன்னார். நீர்த்த தே ஓ.

முறையான அளவை நிறமாலைமானியில் 10 சென்டிமீட்டர் நீளக் குவார்ட்ஸ் குப்பியில் எடுக்கிறோம். இங்கே எண்கள் எவ்வளவு பொடிசு என்பதைச் சொன்னால்தான் வேலையின் நுணுக்கம் புரியும். உறிஞ்சல் எண் மீட்டருக்கு 0.4 உள்ள நீரை அந்தக் குப்பியில் வைத்தால், கருவி காட்டும் ஒளியடர்த்தி 0.017. குப்பியின் முகத்தில் ஒரு விரல் ரேகை, உள்ளே ஒட்டிய ஒரு குமிழி, அவ்வளவு போதும், 0.002 கூடிவிடும். அது உறிஞ்சல் எண்ணில் கிட்டத்தட்ட 0.05. அதுபோக, ஒப்பீட்டுக்கு வைக்கும் தூய நீரில் உப்பு இல்லை, கடல்நீரில் உண்டு. இரண்டின் ஒளிவிலகல் வேறு என்பதால் கோடு முழுக்கச் சற்று மேலேயோ கீழேயோ நகர்ந்து உட்காரும். சாயம் எதையும் உறிஞ்சாத 700 நானோமீட்டர் பக்கத்தில் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்று வைத்து, அந்த நகர்வைக் கழித்துவிடுகிறோம்.

வந்த கோடு பாடப்புத்தகத்தில் உள்ளதைப் போலவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. புற ஊதாவில் உச்சம், நீலத்தில் கணிசம், பச்சையில் கொஞ்சம், சிவப்பில் ஒன்றுமில்லை. பாசியாக இருந்தால் 440க்குப் பக்கத்திலும் 675க்குப் பக்கத்திலும் திமில் தெரிய வேண்டும். திமிலே இல்லை. அதே நாளில் எடுத்த நீரில் பச்சையமும் ஜனவரி அளவுக்கு மேல் இல்லை.

இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது?

இதற்கான விடையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் தென் தீவுகளுக்கு அருகே ஆண்டுக்கணக்கில் நீர் எடுத்து, அதன் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வரை பார்த்து, ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்: இது சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலத்துத் தண்ணீர்.

கரிச்சதுப்பு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காத இலையும் மரமும் நீரில் ஊறிக் கிடக்கும் நிலம். அதன் வழியே வடிந்து வரும் ஆறுகள் கறுப்புக் கோப்பி நிறத்தில் ஓடும். கிழக்குச் சுமத்ராவில் இந்திரகிரி, கம்பார் போன்ற ஆறுகள் அந்த நிலத்து நீரைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் ஜாவாக் கடலிலிருந்து காரிமாதா நீரிணை வழியாக வடக்கே வந்து, அந்தக் கரையை உரசிக்கொண்டு சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைகிறது. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவம் தொடங்கினால் காற்றும் திரும்பும், நீரோட்டமும் திரும்பும்; தென்சீனக் கடலின் உப்புக் கூடின, சாயம் குறைந்த நீர் வரும்.

எங்கள் பதிவிலும் உப்புத்தன்மை இருந்தது. ஜூலையில் அது ஜனவரியைவிடக் குறைவு. ஆற்று நீர் கலந்திருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி கிடைக்காது. ஆறு மாதமாகக் கோப்பில் கிடந்த அந்த எண்ணை ஒருவரும் ஒளிப் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை நினைத்து வியந்தேன். ஆகஸ்ட், செப்டம்பரில் எரிந்து, புகையாக நம் மூக்கில் ஏறுவது எந்தக் கரிச்சதுப்பு நிலமோ, கரைந்து நம் பவளத்தின் தலைக்கு மேல் வெளிச்சத்தை மறைப்பதும் அதே மாதிரியான நிலம்தான். மேலே வருவதற்குக் குறியீடு உண்டு, முகக்கவசம் உண்டு. கீழே வருவதைப் பார்க்க ஒரு குழாயும் ஒரு வெள்ளைத் தாளும் வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பிரித்துப் போட்டால்

மாதிரியை மாற்றி எழுதினேன். இந்த முறை உறிஞ்சல் தனி, பின்சிதறல் தனி. உறிஞ்சலுக்குள் நீர், பாசி, சேறு, சாயம் நான்கும் தனித்தனி. சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருக்கும்போது தணிவு எண் என்பது சுமாராக, உறிஞ்சலில் 1.1 மடங்கும் பின்சிதறலில் 4 மடங்கும் சேர்ந்தது. உண்மையான வாய்பாட்டில் இன்னும் கொஞ்சம் சிக்கல் உண்டு, கைக்கணக்குக்கு இது போதும்.

எங்கள் திட்டின் எண்களைப் போடாமல், புரிவதற்காக ஒரு மாதிரிக் கடலைக் கற்பனை செய்துகொள்வோம். பாசியும் சேறும் இரண்டு பருவத்திலும் ஒன்றே. பின்சிதறல் 440 நானோமீட்டரில் 0.03. சாயம் மட்டும் 0.08இலிருந்து 0.4க்கு ஏறுகிறது.

சாயம் குறைந்த பருவத்தில் நீலத்துக்கு மொத்த உறிஞ்சல்: தூய நீர் 0.006, பாசி 0.06, சேறு 0.08, சாயம் 0.08. கூட்டினால் சுமார் 0.23. தணிவு எண் 0.37. 5 மீட்டர் ஆழத்தில் மிஞ்சும் நீலம் 16 சதவீதம். சாயம் ஏறிய பருவத்தில் உறிஞ்சல் 0.55, தணிவு எண் 0.73, மிஞ்சும் நீலம் 3 சதவீதத்துக்கும் கீழே.

அதே நேரத்தில் 550 நானோமீட்டர் பச்சைக்கு? அங்கே சாயத்தின் உறிஞ்சல் நீலத்தில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தணிவு எண் 0.22இலிருந்து 0.28 ஆகிறது. 5 மீட்டரில் பச்சை 33 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகிறது. தட்டு சற்று முன்னால் மறையும், கலங்கல்மானி அசையாது, நீலமோ ஆறில் ஒரு பங்காகிவிடும். எங்கள் ஜூலைப் புதிர் இதற்குள் அப்படியே அடங்கிவிட்டது.

பவளத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் சமையல் பெரும்பாலும் நீலத்திலும் நீலப்பச்சையிலும் நடக்கிறது. பச்சையம், அதோடு பெரிடினின் என்ற நிறமி, இரண்டும் பிடிப்பது அந்தப் பகுதியைத்தான். ஆக, ‘மொத்த வெளிச்சம் பாதியானது’ என்று எழுதினால் அதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாயம் புற ஊதாக் கதிரை நீலத்தைவிட அதிகமாக விழுங்குகிறது. 1998, 2010, 2016 மாதிரி கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் ஆண்டுகளில் கடும் வெயிலும் சேர்ந்து அடிக்கும்போது இந்தத் தே ஓ ஒரு குடையாகவும் இருக்கலாம். எங்கள் ஆய்வு அதைத் தொடவில்லை.

செயற்கைக்கோள் பக்கம் ஒரு எட்டிப்பார்வை

இதே சாயம் வானத்திலிருந்து பார்ப்பவர்களையும் ஏமாற்றும். ஆழ்கடலுக்கான வாய்பாடு, திரும்பி வரும் வெளிச்சத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பச்சையத்தைக் கணிக்கிறது. நீலம் குறைந்தால் பாசி கூடிவிட்டது என்று அர்த்தம் செய்துகொள்ளும். சாயம் நீலத்தைத் தின்றாலும் அதே முடிவுதான். படத்தில் நீரிணை முழுக்கப் பாசி பூத்திருக்கும், குப்பியில் ஒன்றுமிருக்காது.

அதைச் சரிபார்க்கக் கடலுக்கு மேலிருந்தும் அளந்தோம். படகின் முனையில் நின்று, செங்குத்திலிருந்து 40 பாகை சாய்த்து, சூரியனிலிருந்து 135 பாகை விலகிப் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்பில் பளபளக்கும் வானத்தின் பிரதிபலிப்பைக் கழித்தால்தான் உள்ளிருந்து வரும் நிறம் கிடைக்கும். திருச்சிராப்பள்ளிக்காரர் ஒருவர் 1921இல் செய்ததும் இதே காரியம்தான். நர்குண்டா கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற ராலே பிரபுவின் கருத்தை நம்பாமல், ஒரு நிகல் பட்டகத்தை வைத்து அந்தப் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது, இன்னும் அழகாக. நான் பிரதிபலிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது கிடைத்தது பாசிப்பயறு நிறம்.

அறிக்கையில் எழுதியது

கூட்டத்தில் முதல் கேள்வியே எதிர்பார்த்ததுதான்: “அப்போ பக்கத்துப் பணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைனு எழுதிடலாமா?” இல்லை. இந்த ஜூலையில் கூடிய இருட்டுக்குப் பெரும்பங்கு சாயம் என்று மட்டும்தான் எழுத முடியும். ஜனவரியில், சாயம் குறைவாக இருந்தபோதுகூட, இந்தத் திட்டில் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றது சேறும் பாசியும் நீரும்தான். அந்த அடிப்படை இருட்டில் மனிதக் கையின் பங்கு பல பத்தாண்டுக் கதை. பருவத்தோடு வந்துபோகும் சாயம் அதன் மேல் ஏறி உட்காருகிறது. சேற்றுக்கான வரம்பை ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைத்தால், தென்மேற்குப் பருவத்தில் பவளத்திடம் ஏற்கெனவே கையிருப்பு இல்லாத நேரத்திலும் அதே அளவு சேற்றை அனுமதித்துவிடுவோம். அந்த வாக்கியத்தை அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டோம். அதை மென்மையாக்கச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், தடித்த எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு.

கண்காணிப்பில் மாறியது சின்ன விஷயம். ஒவ்வொரு பயணத்திலும் இப்போது ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி கூடுதலாகப் போகிறது. படகிலேயே வடிகட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே அக்காவிடம் சேர்த்துவிட வேண்டும். என் பழைய மாதிரிப் படத்தை ஆய்வகக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கோடும் புள்ளிகளும் கச்சிதமாக ஒட்டியிருக்கும் அந்தப் படத்துக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் ‘தே’ என்று எழுதி அடித்துவிட்டு, ‘தே ஓ’ என்று திருத்தியிருக்கிறார்கள். கையெழுத்து அக்காவுடையது மாதிரித்தான் இருக்கிறது.